அலைக்கற்றை உரிமையும் வங்கி ஈடும்

உறுதிக் காணிக்கும் பெர்மிற் காணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் வேளாண்மைக்காரர் கடன் பெறப் போகும்போது நன்குணர்வர். முன்னதை விரும்பியவரிடம் ஈடு வைக்கலாம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணியை அவ்வாறு வைத்தல் இயலாது. பயிரிடும் உரிமை உழவனுடையது, மண் அரசினுடையது. கைத்தொலைபேசி நிறுவனங்கள் பெறும் அலைக்கற்றை உரிமையும் இவ்வகையினதே.

ஒரே வட்டாரத்தில் ஒரே அதிர்வெண்ணை இருவர் பயன்படுத்தின் இருவர் பேச்சும் குழம்பும். ஆதலின் அரசு அதிர்வெண்களைப் பங்கிட்டுக் குறித்த காலத்துக்கு உரிமம் வழங்குகின்றது. இலங்கையில் 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு வழிசெய்தது. இந்தியாவில் ஏலத்தில் எடுப்போர்க்கு 20 ஆண்டு உரிமை கிட்டும். வங்கிக் கடனின்றி ஏலத்தொகையைச் செலுத்துவோர் அரியர். அக்கடனுக்கு அவ்வுரிமையையே ஈடாகக் கொள்ளலாமா என்பதே வினா.

இந்தியா இதற்கு முத்தரப்பு உடன்படிக்கை ஒன்றை வகுத்தது. அரசு, வங்கி, நிறுவனம் மூன்றும் அதில் ஒப்பமிடும். கடன் தவறின், வங்கி சுட்டும் வேறொரு நிறுவனத்துக்கு உரிமத்தை அரசின் இசைவுடன் மாற்றலாம். 'இசைவுடன்' என்னும் அச்சொல்லிலேயே சிக்கல் உளது.

1999 இல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கிய ஏர்செல் நிறுவனம், கடனிறுக்க இயலாது 2018 இல் நொடிப்புச் சட்டத்தின் துணையை நாடியது. அலைக்கற்றை உரிமையை விற்றுக் கடனை மீட்க வங்கிகள் விழைந்தன. தனக்குரிய உரிமக் கட்டண நிலுவை தீராமல் அது கைமாறலாகாது என்றது அரசு. 2021 ஏப்ரலில் தேசிய நிறுவனச் சட்ட மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியது இது: அலைக்கற்றை இயற்கை வளம், அதனைப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்தின் புலனாகாச் சொத்து, ஆயினும் அரசின் நிலுவையைச் செலுத்தாமல் அதனைக் கைமாற்ற இயலாது. பெயரளவில் சொத்து, விற்கப் புகின் அரசே வரிசையில் முன்னிற்கும்.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 2003 இல் நெக்ஸ்ட்வேவ் வழக்கில் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. நொடிப்பிலுள்ள நிறுவனம் ஏலத்தொகையைக் கட்டவில்லை என்பதற்காக உரிமத்தை ஆணைக்குழு இரத்துச் செய்தல் செல்லாது என்பது அதன் முடிவு.

இவ்விரண்டில் இந்தியத் தீர்ப்பே பொதுநலனுக்கு அணித்தாயது என்பது எமது கருத்து. எனினும் சுமை எங்கே விழுகின்றது? ஏர்செல்லுக்குக் கடன் கொடுத்தோருள் அரசுடைமையான பாரத ஸ்டேட் வங்கியும் ஒன்று. பொதுமக்களின் ஆகாயம் பொதுமக்களின் வைப்புப் பணத்துக்கே ஈடாக வைக்கப்பட்டது! கடன் மூழ்கின் இழப்பும் அவர்களதே. நெற்காணிக்கு ஆயிரம் கேள்வி கேட்கும் வங்கி, அலைக்கற்றையை மதிப்பிடும்போது உரிமத்தில் கழிந்த ஆண்டுகளையும் அரசுக்குள்ள நிலுவையையும் முதலிற் கழித்தல் வேண்டும். எஞ்சுவதே ஈட்டின் பெறுமதி.