ஒட்டுப்போர்வையும் இஸ்திரிப்பெட்டியும்

பல நிறத் துணித்துண்டுகளை இணைத்து மேல்விரிப்பொன்று தைத்து, அதன் அடியிலே பஞ்சுத் தட்டும், அதற்கும் அடியிலே வேறொரு துணியும் வைத்து, மூன்றையும் ஊடுருவித் தைத்தெடுக்கும் போர்வையை ஆங்கிலேயர் ‘குவில்ற்’ என்பர். ஒட்டுப்போர்வை என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குளிர்கால இரவுகளுக்காக வீட்டுப் பெண்கள் தைத்துவந்த இப்போர்வை, இன்று குளிரறியாத நாடுகளிலும் கைப்பணியாகப் பயிலப்படுகின்றது. இதனைத் தொடங்குவோர் ஊசியைப் பற்றியும் நூலைப் பற்றியும் நிறையக் கேட்டறிவர். இஸ்திரிப்பெட்டியைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. எல்லாம் தைத்து முடிந்த பின் சுருக்கம் போக்குவதற்குரிய கருவி அது என்பது அவர்கள் எண்ணம். ஒட்டுப்போர்வையைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் தவறானது. ஒரு மூட்டைத் தைத்து, அதனை அழுத்திப் படியவைத்த பின்னரே அதன்மேல் வரும் அடுத்த மூட்டைத் தைத்தல் வேண்டும்.

மூட்டு என்பது இரு துண்டுகள் இணையும் தையல்வரி. அவ்வரிக்கு அப்பால், உட்புறத்திலே கால் அங்குல அகலத்தில் எஞ்சிநிற்பது ஓரத்துணி. இந்த ஓரத்துணி எப்படிப் படிகிறது என்பதிலேயே போர்வையின் அளவு தங்கியிருக்கிறது. இதனை ஒரு சிறு கணக்குக் காட்டும். 2½ அங்குலச் சதுரமாக வெட்டிய துண்டு, நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 2 அங்குலச் சதுரமாக நிற்கவேண்டும். ஒரு வரிசையில் 36 துண்டுகள் உண்டெனின் நீளம் 72 அங்குலம். இடையிலுள்ள மூட்டுக்கள் 35. துணி முழுதும் விரியாது, தையல்வரியை ஒட்டி ஒரு நுண்ணிய மடிப்பு எஞ்சி, ஒவ்வொரு மூட்டிலும் அங்குலத்தின் 16இல் ஒரு பங்கு மறைந்தால், வரிசை முழுவதிலும் மறைவது 2 அங்குலத்துக்கும் மேலாகும். அடுத்த வரிசையை நன்றாக விரித்து அழுத்தியிருந்தால் இவ்விரண்டும் பொருந்தமாட்டா. ஒன்றை இழுத்தும் மற்றதைச் சுருக்கியும் ஒப்பேற்றினாலோ, போர்வையின் நடுப்பகுதி கூடாரம்போல எழுந்து நிற்கும். தையல் கோணிவிட்டதென்று நொந்து, பல நாள் வேலையைப் பிரித்துப் போடுவாரும் உளர். பெரும்பாலும் குற்றம் தையலில் இருப்பதில்லை.

சட்டைக்கு இஸ்திரி போடுவதும் மூட்டை அழுத்துவதும் ஒன்றல்ல. சட்டையின்மேல் பெட்டி முன்னும் பின்னும் ஓடுகின்றது. மூட்டின்மேல் அது ஓடலாகாது; வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்தல் வேண்டும். காரணம் நெசவிலே இருக்கிறது. பாவுநூலின் போக்கில் துணி எளிதில் நீளாது. ஊடுநூலின் போக்கில் சிறிது நீளும். இரண்டுக்கும் சாய்வாக, மூலைவாட்டில் வெட்டப்பட்ட ஓரமோ, இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும். முக்கோணத் துண்டுகளில் ஒரு பக்கமேனும் இத்தகைய சாய்வாக அமைவது தவிர்க்கமுடியாதது. சூடான பெட்டியை அதன்மேல் தேய்த்தால், நேராக இருந்த ஓரம் அலையலையாக நெளிந்துவிடும். நீராவி இந்நெளிவை இன்னும் பெருக்கும். ஆகவே, முக்கோணங்கள் உள்ள வேலையில் உலர்ந்த சூடே நலம். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக்கொள்வதும் நல்ல பழக்கமாகும். ஆனால், போர்வை முடிந்தபின் கஞ்சியைக் கழுவிவிடல் வேண்டும். கஞ்சியோடு பெட்டியிலே கிடக்கும் துணி இராமபாணப் பூச்சிக்கு விருந்தாகும்.

அழுத்தும் முறை இதுவே. தைத்த இரு துண்டுகளையும் பிரிக்காமல், தைத்தபடியே மேசைமேல் வைத்து, தையல்வரியின்மேல் ஒருமுறை அழுத்துக. நூல் துணிக்குள் அமிழ்ந்து, தைக்கையில் ஏற்பட்ட சிறு சுருக்கமும் தளரும். பின்னர் மேலே உள்ள துண்டைப் புரட்டி விரித்து, நற்புறத்திலே, பெட்டியின் விளிம்பு தையல்வரியைத் தொடுமாறு அழுத்துக. பின்புறத்திலிருந்து மட்டும் அழுத்துவோருக்கு முன்புறத்தில் மறைந்து கிடக்கும் மடிப்புத் தெரியாது. மேற்கூறிய 16இல் ஒரு பங்கு மறைவது பெரும்பாலும் இவ்வாறுதான். பெட்டியை எடுத்தவுடன் துணியையும் எடுத்தல் கூடாது. சூடாக இருக்கும் பருத்தி எந்த வடிவையும் ஏற்கும். ஆறிய பின்னரே அவ்வடிவு நிலைக்கும். தையற்காரர் கோட்டுத் தைக்கும்போது செய்வதுபோல, வழவழப்பான மரக்கட்டை ஒன்றை மூட்டின்மேல் சற்றுநேரம் வைப்பின் அது நன்கு படியும். மெத்தென்ற விரிப்பின்மேல் வைத்து அழுத்தினால் மூட்டு உள்ளே புதையும். மடித்த பருத்தித் துணி ஒன்றே போதும்.

ஓரத்துணியை எப்பக்கம் சாய்ப்பது? கருநிறத் துண்டின் பக்கம் சாய்க்க என்பது பொதுவிதி. வெண்மையான துணியின் அடியிலே கருநிற ஓரம் கிடந்தால், அது நிழல்போல மேலே தெரியும். எனினும், இதனிலும் முக்கியமான விதி ஒன்றுண்டு. நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலையை எண்ணிப் பார்க்கலாம். மேல்வரிசையின் ஓரத்துணி வலப்புறமும், கீழ்வரிசையின் ஓரத்துணி இடப்புறமும் சாய்ந்திருந்தால், இரு வரிசைகளையும் முகத்தோடு முகம் வைக்கும்போது, ஒரு மேடு மற்ற மேட்டின் பக்கத்திலே வந்து பூட்டிக்கொள்ளும். கண்ணால் பார்க்கவே தேவையில்லை; விரல் நுனி அதை உணரும். அந்நிலையிலே தைத்தால் மூலைகள் நேருக்குநேர் பொருந்தும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தாலோ, மேட்டின்மேல் மேடு ஏறி, இயந்திரத்தின் பாதம் அங்கே தடுக்கி, மூலை விலகிவிடும். இவ்விரு விதிகளும் முரண்படும் இடத்தில் பூட்டிக்கொள்ளும் விதியைக் கைக்கொள்வதே அறிவுடைமை. கருநிற ஓரத்தைச் சிறிது குறுக வெட்டிவிட்டால், வெண்ணிற ஓரம் அதனை மூடிக்கொள்ளும்.

ஓரத்துணியை ஒருபக்கம் சாய்க்காமல், இருபுறமும் விரித்துப் படியவைப்பாரும் உண்டு. இவ்விரு சாராரிடையே வாதம் ஓய்ந்தபாடில்லை. கையால் தைத்த காலத்திலே தையல்கள் இடைவெளி விட்டே விழுந்தன. ஓரத்தை விரித்தால் அவ்விடைவெளிகளின் ஊடே பஞ்சு பிதுங்கும், இழுபடும்போது நூல் தனித்துநின்று அறும். ஒருபக்கம் சாய்த்த மூட்டு இவ்விரண்டையும் தாங்கும். இயந்திரம் நெருங்கத் தைக்கும் இக்காலத்தில் அவ்வச்சம் பெரிதில்லை. எட்டுச் சாய்சதுரங்கள் ஒரு புள்ளியிலே கூடும் விண்மீன் கோலத்துக்கு, விரித்து அழுத்துவதே தக்கது. இல்லையேல் நடுவிலே புளியங்கொட்டைபோல் ஒரு முடிச்சுத் திரண்டு நிற்கும். ஆனால், தையல்வரியின் பள்ளத்திலேயே மீண்டும் தைத்துப் பஞ்சைப் பிணைக்க எண்ணுவோர் விரித்தலை விடுதல் வேண்டும். அங்கே ஊசி பிடிப்பதற்குத் துணி இல்லை, நூல் மட்டுமே உண்டு.

சூட்டின் அளவு துணியைப் பொறுத்தது. பருத்தி மிகுந்த சூட்டைத் தாங்கும். நைலோன், பொலியெஸ்ரர் கலந்த துணியும் நூலும் தாங்கா. சிரட்டைக்கரி இட்ட பழைய பெட்டியில் சூட்டை அளந்து வைத்தல் இயலாது; அதன் துளைகளினூடே தீப்பொறி பறப்பதும் உண்டு. எப்பெட்டியாயினும், எறியவிருக்கும் துண்டொன்றில் முதலில் வைத்துப் பார்ப்பது அவசியம்.

புதுத்துணியாயின் கருகிய துண்டுக்கு மாற்று வாங்கலாம். ஒட்டுப்போர்வைகள் பலவற்றிலே அதற்கு வழியில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்னும் ஊர், நீக்ரோ அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த குடும்பங்கள் வாழும் ஊராகும். 2002ஆம் ஆண்டில் ஹூஸ்ரன் நகரிலும் நியூயோர்க்கிலும் நடந்த கண்காட்சியினால் அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் உலகப் புகழ் பெற்றன. அங்கே 1942இல் மிசூரி பெற்வே என்னும் பெண்மணி, இறந்துபோன தம் கணவர் வயலில் உடுத்த வேலையுடைகளைப் பிரித்தே ஒரு போர்வை தைத்தார். அத்தகைய துணி எந்தக் கடையிலும் கிடையாது. தேய்ந்த முழங்கால் ஒருவிதமாகவும், மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதி ஒருவிதமாகவும் சூட்டை ஏற்கும். பழைய உடைகளிலிருந்து போர்வை தைப்போர் பெட்டியை நேரே வைக்காமல், இடையிலே மெல்லிய வெள்ளைத்துணி ஒன்றை விரித்து, குறைந்த சூட்டிலே பொறுமையாக அழுத்துதல் வேண்டும். வெயிலில் நைந்த பகுதிக்கு விரல் நகத்தால் அழுத்தும் மடிப்பே போதுமானது.

மேல்விரிப்பு முழுதும் இணைந்தவுடன் அதனைக் கவிழ்த்துப் போட்டு, புரண்டு கிடக்கும் ஓரங்களைத் திருத்தி, தொங்கும் நூல்களை வெட்டி, கடைசி முறையாக அழுத்துவர். பஞ்சை உள்ளே வைத்துத் தைத்த பின் இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைத்தலாகாது. பஞ்சு அமுங்கினால், சூட்டைக் காத்துநிற்கும் காற்றுக்கு அங்கே இடமில்லை. செயற்கை இழைப் பஞ்சாயின் உருகித் தகடாக இறுகிவிடும். சுற்றோரத்திலே தைக்கும் பட்டியை மட்டும், தைப்பதற்கு முன் தனியே அழுத்திக்கொள்ளலாம்.