செந்தூலில் ஏறி ஐந்தாவது ஸ்டேஷனில் இறங்கினால் 40 கோடி ஆண்டு… தெரியுமா?

கோலாலம்பூரின் செந்தூல் என்றால் என்ன நினைவுக்கு வரும்? ரயில்வே பட்டறை, கோயில்கள், ஈப்போ சாலை நெரிசல், வாழையிலைச் சாப்பாடு. ஆனால் செந்தூல் ஒரு பழத்தின் பெயர் என்பது தெரியுமா? மங்குஸ்தீனைப் பெரிதாக்கி மஞ்சள் பூசியது மாதிரி இருக்கும். உள்ளே கொட்டையைச் சுற்றிப் பஞ்சுபோல வெள்ளைச் சதை. புளிப்பும் இனிப்பும் சண்டை போடும். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டால்தான் அந்தச் சண்டை ஓயும். என் காதில் வெகுநாள் ‘செந்தூள்’ என்றே விழுந்துகொண்டிருந்தது. ஈயச் சுரங்கத்துச் செம்மண் புழுதியைத்தான் சொல்கிறார்கள் என்று நானே ஒரு பொருளும் கற்பித்து வைத்திருந்தேன்!

பழ மரங்கள் நின்ற இடத்தில் 1905-ஐ ஒட்டி எழுந்தது பட்டறை. கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு இதுதான் தாய் வீடு. வார்ப்புக்கூடம், பாய்லர் கூடம், தச்சுக்கூடம் எல்லாம் ஒரே வளாகத்தில். நீராவி எஞ்சின் நொண்டிக்கொண்டு வந்தால் முழு உடம்போடு திரும்பிப் போகும். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் சுத்தியல் பிடித்தார்கள், யாழ்ப்பாணத்துக் கிராணிமார் கணக்கெழுதினார்கள். குவாட்டர்ஸ், கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று ஊரே பட்டறையைச் சுற்றி முளைத்தது.

இந்த ஊரைக் குண்டு வீசி அழிக்க இந்தியாவிலிருந்து விமானங்கள் பறந்து வந்தன, தெரியுமா? 1945 பிப்ரவரி. மலாயா ஜப்பானியர் கையில். அமெரிக்காவின் ராட்சத பி-29 விமானங்கள் வங்காளத்துக் கரக்பூர் பக்கத்திலிருந்து கிளம்பி, வங்கக் கடலைத் தாண்டி வந்து செந்தூல் பட்டறையைத் தாக்கின. வேடிக்கையைக் கவனியுங்கள்: கரக்பூரும் ஒரு மாபெரும் ரயில்வே பட்டறை ஊர்! ஒரு பட்டறைக்காரனின் பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பி வந்து இன்னொரு பட்டறைக்காரனின் கூரையை உடைத்திருக்கிறார்கள். மார்ச் 10 அன்று மறுபடியும் வந்தார்கள். அன்றைய தாக்குதலில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு சிறகே இடிந்து போனது. ரயிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, பாடம் செய்த பறவைகளும் விலங்குகளும் இருந்த கட்டடம்! மிஞ்சியவற்றைத் தைப்பிங்குக்கு அனுப்பினார்கள். அந்த இடத்தில்தான் 1963-இல் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இன்று பட்டறை ஓய்ந்துவிட்டது. ஆனால் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றுக்குள் 2005 முதல் நாடகம் நடக்கிறது. மெர்டேகா சதுக்கத்தின் அடியில் இயங்கிய அரங்கை 2003-இல் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போக, வீடிழந்த நாடகக்காரர்களுக்குச் செந்தூல் இடம் கொடுத்தது. அதுதான் கேஎல்பாக்.

இனி செந்தூலில் கொமுட்டர் ரயிலில் ஏறுங்கள். பத்து கென்டொன்மென், கம்போங் பத்து, தாமான் வாயு, அடுத்தது பத்துமலை. செந்தூலையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவது ஸ்டேஷன்! கொமுட்டர் இங்கே 2010-இல்தான் வந்தது. தண்டவாளமோ மலையை உடைத்துக் கல் ஏற்றிய காலத்தது. அந்தக் கல்லுக்கு வயது 40 கோடி ஆண்டு. கடலடியில் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து இறுகிய சுண்ணாம்பு. நாம் 272 படி ஏறுகிறோமே, ஏறுவது ஒரு பழைய கடலின் மேல்!

கோயில் குகைக்குக் கொஞ்சம் கீழே இருட்டுக் குகை. அங்கே ஒரு சிலந்தி இருக்கிறது. அறிவியல் உலகுக்கு 1923-இல் அறிமுகமான அதன் பெயர் லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ். ‘பத்து’ நம் பத்துமலைதான். வலை பின்னித் தொங்கும் சாதி அன்று இது. பாறையில் பட்டுக்குழாய் கட்டி, வாசலில் கீலோடு கூடிய கதவு போட்டு, அதிலிருந்து நாலாபக்கமும் நூல் இழுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒரு பூச்சி நூலில் இடறினால் போதும், கதவு திறக்கும், பூச்சி காணாமல் போகும். காலிங் பெல் அடித்தவனையே சாப்பிடுகிற வீட்டுக்காரர்! இதன் குலம் டைனோசர்களுக்கும் முந்தியது.

இதைவிடப் பெரிய அதிசயம் வௌவால். டுரியான் உங்கள் தட்டுக்கு வருவதில் பத்துமலை வௌவாலுக்கும் பங்குண்டு, தெரியுமா? டுரியான் பூ சாயங்காலம் விரியும், விடிவதற்குள் உதிர ஆரம்பித்துவிடும். பகல் தேனீ வருவதற்குள் கடை சாத்தியாகிவிடும். இரவில் வந்து தேன் குடித்து, முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகிறது குகைத் தேன்வௌவால். பெத்தாய்க்கும் அதே ஆள்தான். 1970களில் ஓர் ஆய்வாளர் பத்துமலை வௌவால்களின் எச்சத்தைப் பொறுமையாக நுணுக்கிப் பார்த்தார். கடலோரச் சதுப்புநில மரங்களின் மகரந்தமும் அதில் இருந்தது! முப்பது கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய், தேன் குடித்துவிட்டு, விடிவதற்குள் வீடு திரும்பியிருக்கின்றன. டுரியான் சில வாரம்தானே பூக்கும்? மற்ற மாதங்களில் வயிற்றுக்கு வழி கடலோரம். ஆகவே கிள்ளான் பக்கம் அலையாத்தியை வெட்டினால் பகாங் மலையில் டுரியான் குறையக்கூடும். குகையை உடைத்தாலும் அதே கதி. அந்த மலையைத்தான் எத்தனையோ ஆண்டு வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தோம். 1980களில் ஒருவழியாக நிறுத்தினார்கள். பத்துமலையின் பக்கவாட்டில் வெட்டிய கேக் மாதிரி நிற்கும் வெள்ளைச் சுவர்கள் அந்தத் தழும்புதான்.

அதே சுண்ணாம்பு கோலாலம்பூருக்கு அடியிலும் ஓடுகிறது, ஓட்டை ஓட்டையாக. இரட்டைக் கோபுரத்தைக் கட்டத் தயாரானபோது அடியில் குழி இருப்பதைக் கண்டு 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள் என்றால் பாருங்கள்!

செந்தூலிலிருந்து கிழக்கே திரும்பினால் செத்தாப்பாக். 1885-இல் யோங் கூன் என்ற சீனக் கைவினைஞர் தொடங்கிய பியூட்டர் தொழிலின் ஆலை இன்று அங்கேதான். பியூட்டர் என்றால் ஏறக்குறைய முழுக்கவே வெள்ளீயம். வாசலில் இரண்டு மீட்டர் உயரக் குவளை ஒன்று நிற்கிறது, எடை 1,557 கிலோ, கின்னஸில் பெயர் உண்டு. யார் அதில் தண்ணீர் குடிப்பது என்று கேட்காதீர்கள். அந்த வட்டாரத்தில் ஆயர் பானாஸ் சாலை என்று ஒன்று உண்டு, நேர்ப்பொருள் வெந்நீர்ச் சாலை. எரிமலையே இல்லாத ஊரில் வெந்நீர் ஊற்று! மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலேறி வருகிறது.

அதற்கும் அப்பால் அடிவானத்தில் பன்றி முதுகு மயிர் மாதிரி சிலிர்த்து நிற்கிறதே, அது புக்கிட் தாபூர். பாறை பிளந்த இடத்தில் சூடான கனிமநீர் புகுந்து, உறைந்து, குவார்ட்ஸ் சுவரானது. சுற்றியிருந்த பாறை மழையில் தேய்ந்தோட, சுவர் மட்டும் ஏறக்குறைய 14 கிலோமீட்டருக்கு நின்றுவிட்டது. கிள்ளான் ஆறு அதை அறுத்துக்கொண்டு வெளியேறும் வாசலில்தான் 1958-இல் அணை கட்டினார்கள். உலகில் வேறெங்குமே இல்லாத செடிகள் அந்தச் சுவரின் இடுக்குகளில் முளைக்கின்றன!

கடைசியாக மேற்கே, கெப்போங். ஈயம் தோண்டிச் சக்கையாக விட்ட மண்ணில் 1920களில் மரக்கன்று நட ஆரம்பித்தார்கள். அது மழைக்காடாகவே ஆகிவிட்டது. மனிதன் நட்ட அந்தக் காட்டை 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்திருக்கிறது, தெரியுமா? அதில் கப்பூர் மரங்கள் நிற்கும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள். ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாது. இலைக்கும் இலைக்கும் நடுவே வானம் ஆற்றுப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஓடும்.

கப்பூர்? ஆம், கற்பூரம்தான்! இந்த மரத்தின் வயிற்றுக்குள் உறைந்திருக்கும் படிகத்தைத் தேடித்தான் நம் முன்னோர் கடல் கடந்தார்கள். சுமத்ராவின் பாருஸ் துறையில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்தது. ஜொகூர்க் காட்டில் கற்பூரம் தேடிய பூர்வகுடிகள் அந்த நாட்களில் மட்டும் தனி மொழி பேசினார்களாம். வழக்கமான சொற்களை உச்சரித்தால் மரம் படிகத்தை ஒளித்துக்கொள்ளும் என்ற பயம்.

செந்தூல் கோயில்களில் இன்று தட்டில் எரியும் சூடம் பெரும்பாலும் பைன் மரத் தைலத்திலிருந்து தொழிற்சாலையில் செய்யப்பட்டது. கெப்போங்கில் நிற்கும் மரத்தின் இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். கர்ப்பக்கிருக வாசனை லேசாக வரும்.