தோற்றாலும் வில்லியம்ஸ்தான்! ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

மரினா பே இரவுப் பந்தயம். 10ஆவதாக வந்த காருக்கு ஒருவர் எழுந்து நின்று கத்துகிறார். யாருப்பா இவர் என்று நினைக்கிறீர்களா? வில்லியம்ஸ் ரசிகராக இருக்கலாம்.

ஃபார்முலா 1-ஐ ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்த அணி அது. அணிகளுக்கான பட்டத்தை 9 முறை வென்றது, கடைசியாக 1997இல். 2012இல் ஸ்பெயினில் வென்றதற்குப் பிறகு 2025 முடியும்வரை ஒரு பந்தயத்தில்கூட முதலிடம் இல்லை. 2019 முழுக்க ஓடியும் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. 2020இல் அதுவும் இல்லை. வில்லியம்ஸ் குடும்பமே அணியை விற்றுவிட்டது.

அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?

முதல் 10 இடங்களுக்குத்தான் புள்ளி. ஆண்டு முடிவில் அணி எத்தனையாவது இடம் என்பதைப் பொறுத்துத்தான் பரிசுப் பணம். ஒரு புள்ளிகூட அந்த வரிசையை மாற்றிவிடும். அதனால் முன்னால் யார் ஜெயித்தாலும் சரி, இவர்கள் கண் 10ஆம் இடத்தில்தான்.

2025 சிங்கப்பூர் பந்தயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பின் இறக்கை விதிப்படி இல்லையென்று இரண்டு வில்லியம்ஸ் கார்களின் தகுதிச்சுற்று முடிவும் ரத்து. பின்வரிசையிலிருந்து கிளம்பிய கார்லோஸ் சைன்ஸ் 10ஆவதாக வந்தார். ஒரு புள்ளி! அந்த ஆண்டை அணி 5ஆம் இடத்தில் முடித்தது.