உங்களுக்குத் தெரியுமா? நாடி பார்க்கும் ஸ்க்ரூடிரைவர்

காமயகவுண்டன்பட்டி வட்டாரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆளேற்றிக்கொண்டு மலையேறும் பழைய டீசல் ஜீப் 'கடகட'வென்று சத்தம் போட்டால், மெக்கானிக் முதலில் தேடுவது நீளமான ஸ்க்ரூடிரைவர். நுனியை ஓடும் இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். மேல்மூடியில் மெல்லிய 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பட் இடைவெளி கூடியிருக்கும். டேப்பட்டை இயக்கும் கேம்ஷாஃப்ட் சுற்றுவது கிராங்க்ஷாஃப்டின் பாதி வேகத்தில். அதனால் அந்த ஓசையும் நிதானமாகவே விழும். கீழே, ஆயில் தொட்டிப் பக்கம் கனத்த 'டொக் டொக்' கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். எந்தச் சிலிண்டர் என்று அறிய, இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். எதில் சத்தம் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. அருமையான கைப்பழக்கம் இது. ஆனால் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் இருக்கும் காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடவே கூடாது: பீய்ச்சியடிக்கும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.