இடுப்பில் துப்பாக்கி: நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

வழிப்பறி, சங்கிலிப் பறிப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் ஒரு பேச்சு எழும். “விலை குறைந்த சின்னத் துப்பாக்கி ஒன்று இடுப்பில் இருந்தால் எவன் கிட்டே வருவான்?” ஜாசின், அலோர் காஜா பக்கத்துச் செம்பனைக் காட்டுப் பாதையில், இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிளில் தனியே வீடு திரும்புகிறவருக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் இது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி. அங்கே பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். எது மலிவு, எது சட்டைக்குள் தெரியாது என்றெல்லாம் அவர்கள் அலசலாம். மலேசியாவில் பேச்சு அந்த இடத்துக்கே வருவதில்லை. இங்கே முதலில் உரிமம், பிறகுதான் ஆயுதம்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர் வழங்கும் உரிமம் வேண்டும். தக்க காரணம் காட்ட வேண்டும். தருவதும் மறுப்பதும் அவர் முடிவு. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. எல்லை தாண்டி வரும் கள்ளத் துப்பாக்கியை “பாதுகாப்புக்குத்தான் வாங்கினேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. சினிமாவில் கதாநாயகன் இடுப்பில் செருகுவதைப் பார்த்து மயங்கும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

2013இல் துப்பாக்கிச் சூடுகள் அடுத்தடுத்து நடந்தன. அம்பேங்கைத் தோற்றுவித்த ஹுசேன் நஜாடி கோலாலம்பூரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதும் அரசு பொதுமக்கள் கையில் துப்பாக்கி தரவில்லை. ‘ஓப்ஸ் சந்தாஸ்’ என்ற தேடுதல் வேட்டையைத்தான் தொடங்கியது.

தோட்டங்களில் பழக்கமான துப்பாக்கி வேறு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமத்தோடு வைத்திருக்கும் நீளக் குழல் துப்பாக்கி அது. அந்த உரிமம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு அல்ல. அப்பா காலமானபின் “அவர் ஞாபகமாக” அலமாரியில் வைத்திருக்கும் மகன் சட்டத்தின் முன் குற்றவாளி. உடனே போலீசுக்குத் தெரிவித்து ஒப்படைப்பதே முறை. குருவி சுடும் காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தில் ஆயுதம்தான்.

அப்படியானால் தாக்க வருபவனிடம் கைகட்டி நிற்பதா? இல்லை. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் எதிரி இறந்தாலும் அது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது. ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து வெட்டினால் அது தற்காப்பில் சேராது. வேலைக்குக் கொண்டுபோகும் பாரங்கத்தி வேறு, கோப்பிக் கடைக்கு மறைத்துக் கொண்டுபோகும் பாரங்கத்தி வேறு. பின்னதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

திருடனை மிரட்டப் பொம்மைத் துப்பாக்கி போதுமே என்பாரும் உண்டு. அசலைப் போலிருக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இணையத்தில் பிள்ளைகள் தருவிக்கும் ‘ஜெல்’ துப்பாக்கியும் இதில் அகப்படும். பொட்டலம் யார் பெயருக்கு வந்திருக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.