விரைவும் சிக்கனமும்: அன்றாட ஓட்டத்துக்கு ஏற்ற மோட்டார் வண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தெருக்களிலே அரை நூற்றாண்டைக் கடந்த ஆங்கில மோட்டார் வண்டிகள் இன்றும் ஓடுவதைக் காணலாம். திருமண வீட்டு வாசலிலே மாலை சூடி நிற்கும் ஒஸ்ரின் கேம்பிறிஜ், வாடகைக்கு ஆள் ஏற்றித் திரிந்த ஒஸ்ரின் ஏ-40, ஒழுங்கைக்குள் நுழைந்து திரும்பும் மொறிஸ் மைனர் என அவை பலவகைப்படும். வெளியூரிலிருந்து வருவோர் அவற்றை அருங்காட்சிப் பொருள்களாக எண்ணிப் படம் பிடிக்கின்றனர். உரிமையாளருக்கோ அவை காட்சிப் பொருள்கள் அல்ல. நாளாந்தம் உழைக்கும் வண்டிகள். இவ்வண்டிகளின் வரலாற்றை அறிந்தால், புதிதாக மோட்டார் வண்டி வாங்க எண்ணுவோர் பலர் தடுமாறும் வினா ஒன்றுக்கு நல்ல விடை கிடைக்கும். விறுவிறுப்பாக ஓடவும் வேண்டும், குடும்பத்தின் கைப்பணத்தைக் கரைக்காமலும் இருக்க வேண்டும் என்றால் எத்தகைய வண்டியைத் தெரிந்தெடுப்பது என்பதே அவ்வினா.

வண்டி விரைந்து ஓடவேண்டும் என்று இளைஞர் ஆசைப்படுவதிலே தவறில்லை. ஆனால், இலங்கையிலே மோட்டார் வண்டி வாங்குவது சிறு காரியமன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், நாட்டில் ஏற்கனவே இருந்த வண்டிகளே கைமாறின. அவற்றின் விலையும் ஏறியது. இறக்குமதி தொடங்கிய பின்னரும் வரிச்சுமை பெரிது. ஆகவே, ஒரு வண்டி வாங்குவதென்பது, பல குடும்பங்களில், காணிக்கோ பிள்ளைகளின் படிப்புக்கோ வைத்திருந்த பணத்தை எடுத்துச் செலவிடுவதாகும். தெரிவு பிழைத்தால் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும்.

விறுவிறுப்பு என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். பெரிய இயந்திரம் பூட்டிய வண்டியே விரைந்து ஓடும் எனப் பலர் கருதுகின்றனர். இது பாதி உண்மையே. வெறுஞ் சைக்கிளில் செல்பவன் ஒருவனையும், பின்னே பனங்கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு செல்பவன் ஒருவனையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருவரின் கால்வலுவும் ஒன்றே. ஆயினும், முன்னவன் சந்தியிலே சட்டெனத் திரும்புகிறான், விரைவாக வேகமெடுக்கிறான், நினைத்த இடத்தில் நிற்கிறான். மோட்டார் வண்டிக்கும் இதே நியாயம் பொருந்தும். வலுவை எடையால் வகுத்து வரும் ஈவே வண்டி வேகமெடுக்கும் திறனைக் காட்டும். அதனோடு, சுக்கானைத் திருப்பியதும் முன்சில்லுகள் தாமதமின்றித் திரும்புதல், வளைவிலே உடல் சாயாது நிற்றல் ஆகிய இரண்டும் சேருமாயின், சிறிய இயந்திரம் உள்ள வண்டியும் ஓட்டுவோருக்கு மகிழ்ச்சி தரும்.

இதற்கு நல்ல சான்று 1958இல் வெளிவந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டு வண்டி. செல்வர்க்கே உரியதாயிருந்த அவ்வகை வண்டியைச் சாதாரண வருவாய் உடையோரும் வாங்கத்தக்க விலையில் தரவேண்டும் என்ற நோக்கத்தோடு அது ஆக்கப்பட்டது. அதற்கெனப் புதிய உறுப்புகளை ஆக்கியிருந்தால் விலை ஏறியிருக்கும். எனவே, 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரமும் முன்பக்கத் தாங்கு அமைப்பும் ஒஸ்ரின் ஏ-35 என்னும் சிறு குடும்ப வண்டியிலிருந்து எடுக்கப்பட்டன. சுக்கான் பொறியோ மொறிஸ் மைனரிலிருந்து பெறப்பட்டது. இரட்டைக் காபரேற்றர் பூட்டியும் அவ்வியந்திரம் தந்தது 43 பரிவலு மட்டுமே. ஆயினும், எடை குறைந்த உடலின் காரணமாக அவ்வண்டி பந்தய விருப்பினரின் அன்பைப் பெற்றது. ஆசிரியரும் வைத்தியரும் ஓட்டிய அமைதியான வண்டிகளின் உள்ளேயே அந்த விளையாட்டு வண்டியின் கருவும் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

அந்த மைனரின் வரலாறு சுவையானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் அமைத்த அவ்வண்டி 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியிலே வெளியிடப்பட்டது. மாதிரி வண்டி குறுகலாகத் தோன்றியமையால், அதை நெடுக்காக இரண்டாய் வெட்டி, நான்கு அங்குலம் அகலித்துப் பொருத்திப் பார்த்தார் இசிகோனிஸ். முன்மூடியின் நடுவிலே இன்றும் தெரியும் தட்டையான பட்டை அந்த மாற்றத்தின் அடையாளம். பற்சட்டமும் சிறு பற்சில்லும் கொண்ட சுக்கான் அமைப்பு, முன்சில்லுகளுக்கு முறுக்குத் தண்டுத் தாங்கிகள், தனிச் சட்டகம் இல்லாத உடல் ஆகியவை அக்காலத்து மலிவான வண்டிகளில் எளிதிற் காணக்கூடியவை அல்ல. முதலில் 918 கன சென்ரிமீற்றராக இருந்த இயந்திரம், 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே நிறுவனமாய் இணைந்த பின், 803 ஆகவும், 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் மாறியது. கடைசி வகையின் ஆற்றல் 48 பரிவலு. பதினாறு இலட்சம் வண்டிகளுக்கு மேல் ஆக்கப்பட்ட பின்னர், 1971இல் மைனரின் உற்பத்தி நின்றது.

இதனோடு ஒப்பிட்டால், ஒஸ்ரின் ஏ-40 சோமசெற் வண்டியின் இயல்பு வேறு. 1952 முதல் 1954 வரை ஆக்கப்பட்ட அவ்வண்டிக்கு 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம் உண்டு. உடல் அகன்றது, இருக்கை வசதியானது, சுமைக்கும் பயணிகளுக்கும் பொருத்தமானது. ஆனால், வளைவுகளிலே மைனரின் துடிப்பு அதனிடம் இல்லை. 1959இல் இசிகோனிஸ் அமைத்த மினி வண்டியோ துடிப்பிலே மைனரை விஞ்சியது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ஓட்டப் போட்டியிலே வாகை சூடியதும் அதுவே. எனினும், அதன் பத்து அங்குலச் சில்லுகளுக்கு மழை அரித்த ஒழுங்கைக் குழிகள் ஏற்றவை அல்ல. மைனரின் பதினான்கு அங்குலச் சில்லுகள் அவ்வகையில் மேலானவை. ஆகவே, வண்டியைத் தெரிந்தெடுக்கும்போது அது ஓடப்போகும் தெருவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். மலையேற்றம் இல்லை, பெருங் குதிரைத்திறனுக்குத் தேவையும் இல்லை. மோட்டார் கார்களுக்குச் சட்டம் விதித்த வேக எல்லை குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. காங்கேசன்துறை வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் ஊர்மனைகள் நெருங்கியிருப்பதால், 50க்கு மேல் செல்லத்தக்க இடங்கள் சிலவே. மணிக்கு 150 கிலோமீற்றர் ஓடவல்ல வண்டியை வாங்குபவர், தாம் ஒருபோதும் பயன்படுத்த இயலாத ஆற்றலுக்கு விலை கொடுக்கிறார்.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுன்னாகத்திலே குடியிருந்து யாழ்ப்பாண நகரிலே தொழில் பார்க்கும் ஒருவர் போய்வர ஏறத்தாழ 20 கிலோமீற்றர் ஓடவேண்டும். மாதத்தில் 25 நாள் எனின், 500 கிலோமீற்றராகும். நன்றாகப் பேணப்பட்ட மைனர் லீற்றருக்குப் 12 கிலோமீற்றர் ஓடுமெனக் கொண்டால், 42 லீற்றர் பெற்றோல் வேண்டும். இக்காலத்துச் சிறிய வண்டி லீற்றருக்கு 17 கிலோமீற்றர் ஓடுமாயின், 30 லீற்றர் போதும். மாதம் 12 லீற்றர் மிச்சமாகும். பெரிய இயந்திரம் உள்ள வண்டி லீற்றருக்கு 8 கிலோமீற்றர் மட்டுமே ஓடினால், 60 லீற்றருக்கு மேல் தேவைப்படும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கிடப்பட்டபோது, பெருந்தாகம் கொண்ட வண்டிகள் வீட்டு முற்றத்திலே நின்றதை மக்கள் மறந்துவிடவில்லை.

குடாநாட்டாருக்கு அதைவிடக் கடுமையான பாடம் முன்னரே கிடைத்திருந்தது. 1990இலிருந்து போர்க்காலப் பொருட்தடை காரணமாகப் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி ஆவியாவதில்லை. எனவே, சிறு போத்தலில் பேணி வைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயைப் பாயவிட்டனர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இதைத் தாங்கின. மின்னணுக் கருவிகளால் எரிபொருளை அளந்து தெளிக்கும் பிற்கால வண்டிகளுக்கு இது இயலாது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும் இடம்பெயர்ந்தோரின் உடைமைகளை ஏற்றவும் அன்று உதவியவை புகை கக்கிய இவ்வண்டிகளே. ஊரிலுள்ள கைவினைஞர் தம் கருவிகளாலேயே பழுது தீர்க்கக்கூடிய எளிய அமைப்பு எத்துணைப் பெரிய செல்வம் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

ஆனால், அந்தத் தொண்டுக்கு வண்டிகள் கொடுத்த விலையும் உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைகளின் உட்சுவரிலுள்ள மசகெண்ணெயைக் கழுவி, அடித்தொட்டியிற் சேர்ந்து, அங்குள்ள எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்தது. வளையங்கள் தேய்ந்தன. ஆதலால், பழைய வண்டி வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் நிலை. சூடேறிய பின்னும் நீலப்புகை வருமாயின், உள்ளே எண்ணெய் எரிகிறது என்பது பொருள். அடுத்தது துரு. கடற்காற்றும் தேங்கிய மழைநீரும் தகட்டை அரிக்கும். மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லாமையால், கதவின் கீழுள்ள பகுதியும் அடித்தளமுமே அதன் எலும்பு. மேற்பூச்சின் பளபளப்பை நம்பாது, விரிப்பை நீக்கிப் பார்த்தல் வேண்டும். மூன்றாவது, முன்சில்லுகளைத் தாங்கும் மரை வெட்டிய மூட்டு. அதற்குக் காலந்தோறும் கிறீஸ் இடாவிடின், மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சில்லு சரிந்துவிடும். சில நிமிட வேலையைப் புறக்கணிப்பதால் உயிராபத்து நேரும் இடம் இது. நான்காவது, பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கங்கள் இயந்திரத்திலும் உடலிலும் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும்.

இனிப் பாதுகாப்பைக் கருதல் வேண்டும். வேகம் இரட்டித்தால், வண்டியை நிறுத்தத் தேவையான பிறேக் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடக்கிறது. ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு காலை எடுத்து வைப்பதற்குள் அத்தூரம் கழிந்துவிடும். மைனரின் நான்கு சில்லுகளிலும் உள்ளவை உருளைவகைப் பிறேக்குகள். அவை அக்காலத்துத் தெருவுக்குப் போதுமானவை. இன்றைய நெரிசலிலே, முன்னே செல்லும் புதிய வண்டி சட்டென நின்றால், பழைய வண்டி அதே தூரத்தில் நிற்பது அரிது. முன்சில்லுகளுக்குத் தட்டுவகைப் பிறேக் பொருத்துவது பயனுள்ள மாற்றம். முன்னிருக்கையில் இருப்போர் ஆசனப்பட்டி அணியவேண்டும் என்ற விதி 2011இல் நடைமுறைக்கு வந்தது. பட்டி இல்லாத வண்டிக்கு அதைப் பொருத்துதல் கடன். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்த பின்னர், தண்டவாளக் கடவைகளிலே நின்று பார்த்துச் செல்லும் பழக்கமும் புதிதாகக் கற்கவேண்டிய ஒன்றாயிற்று. இயந்திரத்தை மெருகேற்றுவதற்கு முன் பிறேக்கையும் ரயரையும் சீர்செய்பவரே உண்மையில் வேகத்தை விரும்புபவர் எனலாம்.

குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் ஓடவேண்டியவருக்குக் காற்றுப்பை, சில்லு இறுகிப்போகாது தடுக்கும் பிறேக் ஆகியவை உள்ள பிற்காலச் சிறு வண்டியே பொருத்தமானது. சுசுக்கி சுவிப்ற் போன்ற எடைகுறைந்த வண்டிகள் சிக்கனத்தையும் துடிப்பையும் ஓரளவு இணைத்துத் தருகின்றன. அவற்றிலும், காற்றுப்பை முதலியன அந்த வண்டியில் உண்மையாகவே உள்ளனவா என நேரிற் பார்த்தே வாங்குதல் வேண்டும். ஒரே பெயரில் வந்த எல்லா வண்டிகளிலும் அவை இருப்பதில்லை. தனியாகக் குறுந்தூரம் ஓடுபவருக்கும், வார இறுதியில் தம் கையாலேயே வண்டியைப் பேணுவதில் இன்பம் காண்பவருக்கும், நல்ல உடலமைப்புள்ள மைனர் இன்றும் தகுந்த துணை. இரண்டில் எதுவாயினும், கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடலாகாது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கும் தீனிக்கும் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், ரயர், முதலாண்டுத் திருத்த வேலை ஆகியவற்றுக்கென ஒரு பங்கை வைத்துக்கொண்டு, எஞ்சியதற்கு எந்த வண்டி கிடைக்குமோ அதைத் தேடுதல் நன்று.

வாங்குமுன், நம்பிக்கையான திருத்துநர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, நாளாந்தம் செல்லும் அதே வீதியிலே வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். சந்தியிலே அது எளிதாகத் திரும்புகிறதா, குழியிலே இறங்கி ஏறும்போது ஓசை எழுகிறதா, பிறேக்கை மிதித்ததும் ஒருபக்கம் இழுக்காது நேராக நிற்கிறதா என்று கவனித்தல் வேண்டும். இம்மூன்றிலும் தேறிய சிறிய வண்டி, குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தாது. ஓட்டுபவரையும் சலிப்படையச் செய்யாது. மாலையிலே தொழில் முடித்து வருபவரை, விளக்கேற்றும் நேரத்துக்கு அது வீட்டு வாசலிலே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும். அன்றாட ஓட்டத்துக்கு வேண்டிய விரைவு அதுவே.