கறுப்புச் சட்டைப் படையின் அடுக்குகள்

இத்தாலியின் பாசிசக் கட்சிக்காக எதிர்க்கட்சியினரையும் தொழிற்சங்கங்களையும் தாக்கிவந்த கறுப்புச் சட்டைக் குழுக்கள், முசோலினி ஆட்சிக்கு வந்தபின், 1923-இல் அரசாணையின் வழியே ‘தேசியப் பாதுகாப்புத் தன்னார்வப் படை’ என்னும் துணைப்படையாக ஆக்கப்பட்டன. பண்டைய ரோமானியப் படைப்பெயர்களைத் தாங்கிய அதன் அமைப்பு, மூன்றுமூன்றாகப் பெருகும் அடுக்குகளைக் கொண்டது: மூன்று ஸ்குவாத்ராக்கள், அதாவது அடிமட்டக் குழுக்கள், ஒரு மனிப்போலோவாகவும், மூன்று மனிப்போலோக்கள் ஒரு செந்தூரியாவாகவும், மூன்று செந்தூரியாக்கள் ஒரு கோர்த்தேயாகவும், மூன்று கோர்த்தேக்கள் ‘கான்சல்’ எனப்பட்ட தளபதியின்கீழ் ஒரு லெஜியனாகவும் இணைந்தன. தொடக்கத்தில் முசோலினிக்கே கட்டுப்பட்டிருந்த இப்படை, எதிர்க்கட்சி உறுப்பினர் மத்தேயோத்தி கொலையுண்ட 1924-இல்தான் மன்னருக்கும் விசுவாச உறுதிமொழி எடுத்தது.

கவிஞர் தாகூர், 1926-இல், இப்படையின் துணையுடன் ஆண்டுவந்த முசோலினியின் விருந்தினராக இத்தாலி சென்று, அங்கு நடந்த ஒடுக்குமுறையைப் பாதிக்கப்பட்டோர் வாயிலாகப் பின்னர் அறிந்ததும், ‘மாஞ்செஸ்டர் கார்டியன்’ இதழில் வெளிவந்த கடிதத்தில் பாசிசத்தைக் கண்டித்தார்.